நோன்பு பழகிய உடம்பு

தாடிக்கொம்பு பக்கம் ஓர் இயற்கை சிகிச்சை மையத்தில், சாறு மட்டும் குடித்து உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளப் போயிருந்தேன். "நோய் ஏதும் இருக்காம்மா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். "வருஷா வருஷம் முப்பது நோன்பும் பிடிக்கிறவ நான், பட்டினியெல்லாம் பழக்கந்தான்" என்றேன் பெருமையாக. சுகர் இருப்பதைச் சொல்லவில்லை.

என் அறையில் தங்கிய ஸ்டெல்லா டீச்சர் பைக்குள் கலர் சோடா பாட்டில் ஒளித்து வைத்திருந்தார். 'வாயைக் கட்ட முடியாதவங்க எதுக்கு இங்க வரணும்?' என்று மனதுக்குள் சிரித்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் சுகர் மாத்திரையைப் போட்டு, எலுமிச்சைச் சாறு மட்டும் குடித்தேன். சற்று நேரத்தில் கை நடுங்கி, கண் இருட்டியது.

"அக்கா, இம்புட்டு வேர்க்குதே! சுகர் மாத்திரை போடுறீகளா?" என்று பதறிய டீச்சர், டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே அந்தக் கலரைத் திறந்து குடிக்க வைத்தார். மெல்லத் தெளிந்தேன்.

ஒவ்வொரு ரமலானுக்கு முன்பும் என் சுகர் டாக்டரிடம் கேட்டு மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்கிறவள் நான். இத்தனை வருஷமாக என்னைக் காப்பாற்றியது பழக்கமல்ல, அப்படிக் கேட்டதுதான் என்பது அன்றுதான் உறைத்தது.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரை அட்டையைத்தான் முதலில் நீட்டுகிறேன். என் பையிலும் ஒரு கலர் பாட்டில் இருக்கிறது. ஒளித்து வைப்பதில்லை.