ஸ்டெல்லாவைக் குழப்பிய இரண்டு சரிவுகள்

வைஹெக்கி தீவுக்குப் போகும் படகில் நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் செய்தி வந்தது. ஸ்டெல்லாவின் கணவர் டேனியல், ஹில்ஸ்பரோ பகுதியிலுள்ள தங்கள் வீட்டிலிருந்து பேசினார். "காலையில மயங்கி விழுந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." நான் எங்கள் ஊர் வழக்கில், ஆமாம் என்பதுபோல், "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று தெரியவில்லை. படகு கிளம்பிவிட்டது. தீவில் இறங்கியும், வேலைக்குப் போவதா திரும்புவதா என்று புரியாமல் துறையிலேயே நின்றேன்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரைத் தேவாலயப் பாடகர் குழுவில் அறிவீர்கள். நான் அறிந்தது அந்தத் தீவில் வைனுக்காகப் பயிரிடும் திராட்சைத் தோட்டத்து ஸ்டெல்லாவை. மலேசிய ஊரான ஈப்போவில் பிறந்தவர். கொடிகளும் அறுவடையும் அவர் பொறுப்பு. பழச்சாற்றைச் சோதிப்பது யாழ்ப்பாணத்துக்காரியான என் வேலை.

தோட்டம் முழுக்க ஒரே வகைக் கொடிதான். ஆனால் மேல் சரிவில் கல் கலந்த மண். தண்ணீர் நிற்காது, கடற்காற்று அறையும். பழம் சிறுத்து, தோல் தடித்து வரும். கீழ்ச் சரிவில் கனத்த களிமண். இலை மண்டும், பழம் பருக்கும். மேலே விளைச்சல் குறைவு என்று உரிமையாளர் அந்தக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னார். ஸ்டெல்லா விடவில்லை. "ருசி மண்ணுலதான் இருக்கு. ரெண்டு சரிவுப் பழத்தையும் ஒரே தொட்டியில கொட்டிட்டா அது எப்படித் தெரியும்? தனித்தனியா போட்டுப் பாப்போம்லா. நான் சொல்றது தப்புன்னா நானே வேலைய விட்டுப் போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையே உரிமையாளரிடமும் போய்ச் சொன்னார்.

அந்த ஆண்டு பிரித்தே நொதிக்க வைத்தோம். கீழ்ச் சரிவின் சிவப்பு வைன் மென்மையாக, லேசாக வந்தது. மேல் சரிவினுடையது கறுத்து, மிளகு மணத்துடன் நாக்கைப் பிடித்தது. உரிமையாளர் இன்னொரு முறை ஊற்றச் சொன்னார். கொடிகள் பிழைத்தன.

பிறகு மழையே இல்லாத ஒரு கோடை. மேலே கொடிகள் வாடி, பழம் பழுப்பது பாதியில் நின்றது. வைன் துவர்த்தது, வெறுமையாக இருந்தது. ஈரத்தைப் பிடித்து வைத்திருந்த களிமண்ணிலிருந்தோ அடர்ந்த, ஆழமான வைன். ஸ்டெல்லா மாற்றி மாற்றிச் சுவைத்தார். "லேபிள மாத்தி ஒட்டிட்டியா?" என்று கேட்டார். நான் மாற்றவில்லை.

"இப்ப முதலாளியிட்டச் சொல்லாதேங்கோ அக்கா. மேல இருக்கிற எல்லாத்தையும் பிடுங்கிப் போடுவார்" என்றேன்.

"மண்ணுதான் எல்லாம்னு அடிச்சுச் சொன்னவ நான். இப்பத் தெரியலன்னும் நான்தானே சொல்லணும்?"

என் கண்முன்னாலேயே உரிமையாளரிடம் சொன்னார். வேலையை விடவும் தயார் என்றார். வேலையை விடும் பேச்சை அவர் காதில் வாங்கவே இல்லை. அடுத்த அறுவடையையும் பார்ப்போம் என்றார்.

அந்த அறுவடைக்கு ஸ்டெல்லா இல்லை. அடக்கம் முடிந்து உரிமையாளர் என்னிடம் வந்தார். எந்தச் சரிவை வைத்துக்கொள்வது என்று கேட்டார். ருசிக்குக் காரணம் மண்ணா, மழையா, காற்றா? சோதனை முடிவுகள் அத்தனையும் என் கையில் இருந்தன. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தெரியாது என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

இரண்டு சரிவுகளும் இன்னும் இருக்கின்றன. எனக்கு இன்னும் எதுவும் விளங்கவில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வருகிறது. அது ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது.