வெயில் ஆகாதவள்

ஜெராக்ஸ் கடைக்குள் வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அன்புச்செல்வி நாற்காலியை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறாள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை. யாராவது ஆதார் அட்டையை நீட்டினால், "ரெண்டு பக்கமுமாங்க?" என்று கேட்டபடியே பாட்டிலைத் தூக்கி ஒரு மடக்குக் குடிப்பாள். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அவளுக்கு வலி கிளம்பிவிடும்.

ஜவ்வாது மலையில் பிறந்தவள். சிவப்பணுக்கள் அரிவாளாய் வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும் நோய், பிறவியிலேயே உண்டு. குளிர் காலத்தில் எலும்புக்குள் வலி குடையும்போது அம்மா அவளைத் தூக்கிப்போய்ப் பாறைமேல் வெயிலில் கிடத்துவாள். கொஞ்ச நேரத்தில் கை கால் இளகும். மாத்திரையைவிட அந்தச் சூட்டைத்தான் அன்புச்செல்வி நம்பினாள்.

கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த பிறகு காய்ச்சல் விடாமல் அடித்தது. முடி கொட்டியது. போன இடத்திலெல்லாம், "உனக்குத்தான் பழைய நோய் இருக்கே" என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து சிந்துஜா டாக்டர்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது பழைய வலி மாதிரியேதான் இருக்காம்மா?"

"இல்லீங்க டாக்டர். இது விரல் முட்டியில வருது. காலையில எழுந்தா ஜாஸ்தி. வெயில்ல நின்னா மூஞ்சி எரியுது."

ரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயின. லூபஸ் என்று வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்திருந்தது.

"இதுக்கு ஸ்டீராய்டு மாத்திரைதான். ஜாஸ்தி குடுத்தா பழைய வலி கிளம்பிடும். கம்மியா, பார்த்துப் பார்த்துத்தான் குடுக்கணும். வெயில் மட்டும் ஆகவே ஆகாதும்மா."

மாத்திரைகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "காலையில கொஞ்ச நேரம்கூட வேணாங்களா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

இப்போது காய்ச்சல் இல்லை; சிறுநீரகமும் தேறிவிட்டது. வலி வரும் நாட்களில் கணவன் வளவன் வெந்நீர்ப் பை கொண்டு வருவான். "அது ஒரு எடத்துலதான் சுடுதுங்க. வெயில்னா உடம்பு பூரா வந்து உக்காரும்" என்பாள்.

பொழுது சாய்ந்ததும் கடையைச் சாத்துகிறாள். பக்கத்துச் சந்தின் சுவர் மதியம் முழுக்க வெயிலில் காய்ந்தது; சூடு இன்னும் ஆறவில்லை. அதில் முதுகைச் சாய்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் பதித்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஆட்டோவில் வந்த வளவன் ஹாரன்மேல் வைத்த கையை எடுத்துவிட்டு எஞ்சினை அணைக்கிறான்.