கட்டிலுக்குப் போட்டி

எழிலரசியின் வலது கை மவுஸைப் பிடித்து, திரையில் ஒரு தலையணையை இழுத்துக்கொண்டிருந்தது. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல இடது கை மேசை விளிம்பைப் பற்றியிருந்தது. தலையணை, படத்திலிருந்த கிழவரின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அது கால்மாட்டில் போய் உட்கார்ந்தது. மறுபடி இழுத்தாள். இந்த முறை முகத்தின்மேல் விழுந்தது.

"அய்யய்யோ, மூச்சு முட்டப்போவுது பெரியவருக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற வஜீதா. "நிஜ ஆளா இருந்தா ஒரே தூக்குல உக்கார வெச்சிருப்ப. ஒரு படத்தோட இந்தப் பாடு படறியேடி."

"நிஜ ஆளு சொன்னா கேப்பாரு. இது கேக்க மாட்டேங்குது. நகரு, வெளிச்சத்த மறைக்காத."

இருவரும் வேலை பார்ப்பது திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு மாடியில். கீழே வெள்ளைக்காரர்கள் வந்து உட்காரும் காபிக்கடை. மேலே, படுக்கையில் கிடப்பவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம். எழிலரசி பாடம் நடத்துபவள். வஜீதா அலுவலகத்தையும் கணினியையும் பார்த்துக்கொள்பவள். ஏறக்குறைய இருபது வருடமாக ஒரே டப்பாவில் மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்றவர்கள்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. அடுத்துச் சேரும் அணியிலிருந்து பாடமெல்லாம் ஸ்லைடாக இருக்க வேண்டும். ஸ்லைடுக்கு நடுவே கேள்வி வர வேண்டும். மாணவிகள் கைபேசியில் பதில் போட வேண்டும். அப்படி நடத்த முடியாத மையங்களுக்குச் சென்னையிலேயே பாடத்தைப் பதிவு செய்து வீடியோவாக அனுப்பிவிடுவார்கள். முடியுமா முடியாதா என்று பார்க்க ஓர் அம்மா நேரில் வருகிறார். முடியாது என்று அவர் எழுதிவிட்டால் எழிலரசிக்கு மிஞ்சுவது டிவியைப் போடுவதும் அணைப்பதும்தான். ஐம்பத்து நான்கு வயதில் அந்த வேலைக்கு இறங்க அவள் மனது பிடிவாதமாக மறுத்தது. ஆகவே கற்றுக்கொண்டாள்.

வஜீதா சொல்லிக்கொடுத்தபடி, மேலே ஒரு கேள்வி, கீழே நான்கு பதில், ஓரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். பெண்கள் அந்தக் கட்டத்தைக் கைபேசியில் படம் பிடித்தால் கேள்வி அவர்கள் கைக்கு வந்துவிடும். அவர்கள் தொடத் தொட, இங்கே திரையில் பதிலுக்கு ஒரு கோடாக உயரும். கோட்டின்மேல் அழுத்தினால் அதைப் போட்டவர்களின் பெயர்கள் வரும்.

"உன் காலண்டர் சார்ட்டுக்கு இது தேவல," என்றாள் வஜீதா. "அதுல நீ வரைஞ்ச நோயாளிக்கு மூக்கு கோவக்கா மாதிரி இருக்கும்."

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலண்டர் தாள்கள் ஞாபகம் வந்தன. அப்போது மையம் பே கோபுரத் தெருவில், ஒரு லாட்ஜின் பின்கட்டில் இருந்தது. ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு இரும்புக் கட்டில். பழைய மாதத் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் அவளே படம் போட்டு, ஜன்னல் கம்பியில் கிளிப் குத்தித் தொங்கவிடுவாள். காற்றடித்தால் நுரையீரல் திரும்பிக்கொள்ளும், பின்னால் மளிகைக்கடைக்காரர் பெயர் தெரியும். பக்கத்தில் மடப்பள்ளி இருப்பதுபோல எப்போதும் எங்கிருந்தோ புளியோதரை வாசனை வரும். பெண்களுக்குப் பத்து மணிக்கே பசிக்கும்.

பொம்மை வாங்க வசதி இல்லை. அதனால் ஒருத்தி நோயாளியாகப் படுப்பாள், மற்றவர்கள் புரட்டிப் பழகுவார்கள். யார் படுப்பது என்று முதல் அணியிலேயே தகராறு வந்தது, எல்லோருக்கும் வெட்கம். ஒருநாள் வினோதினி என்ற பெண்ணிடம் ஏதோ கேட்டாள் எழிலரசி. அவள் திருதிருவென்று விழித்தாள். "தெரியலன்னா போய்ப் படு," என்றாள் எழிலரசி எரிச்சலோடு. வினோதினி போய்ப் படுத்தாள். தண்டராம்பட்டுப் பக்கத்துப் பெண். விடியுமுன் எழுந்து, மாட்டைக் கறந்து, சோறாக்கி வைத்து, முதல் பேருந்தைப் பிடித்து வந்தவள். மற்றவர்கள் அவளுக்குக் கை துடைத்து, தலை வாரி, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்கள். நீவி முடிக்குமுன் அவள் வாயைத் திறந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லை. நோயாளி தூங்கும்போது அறையில் எப்படி நடமாடுவது என்று அன்றைய பாடத்தை மாற்றிக்கொண்டாள்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தப்பாகப் பதில் சொன்னால் கட்டில். வெட்கம் போய்ப் போட்டி வந்தது. வேண்டுமென்றே தப்புச் சொல்பவளை எழிலரசிக்குத் தெரியும், உதட்டோரம் துடிக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தால் அனுமதிப்பாள், இல்லையென்றால், "நடிக்காத, நில்லு" என்பாள். மையம் மாடி மாறி, சுவருக்கு வண்ணம் மாறி, கட்டிலுக்குச் சக்கரம் வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. வேலைக்குப் போன பெண்கள் ஊருக்கு வந்தால் முதலில் கேட்பது, "கட்டில் இருக்கா மிஸ்?" என்றுதான்.

சென்னை அம்மா வந்த நாள்தான் கெட்ட நாள். பௌர்ணமிக்கு மறுநாள். திருவண்ணாமலையில் எவரும் பௌர்ணமிக்கு மறுநாள் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சென்னையில் யாருக்கு அது தெரியும்? பெண்களில் பாதிப்பேருக்கு மலை சுற்றும் பாதையில்தான் வீடு. இரவெல்லாம் சுண்டலோ மோரோ விற்றுவிட்டு வந்திருந்தார்கள். மிச்சப்பேர் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு மலையைச் சுற்றியவர்கள். எல்லார் கண்ணும் சிவப்பு. வந்த அம்மா கீதாஞ்சலிக்கும் களைப்புத்தான். முந்தின நாள் பேருந்தை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு நடந்து வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

முதல் சில ஸ்லைடுகள் ஒழுங்காகப் போயின. தலையணை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கேள்வி வந்தது: "விழுங்கச் சிரமப்படும் நோயாளிக்கு எப்படி ஊட்ட வேண்டும்?" பெண்கள் கைபேசியை எடுத்தார்கள். தைரியம் வந்துவிட்ட எழிலரசி, யோசிக்காமல், எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"நம்ம வழக்கம் தெரியுமில்ல? தப்பாப் போட்டா கட்டிலு."

வாசலில் நின்ற வஜீதா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கோடுகள் உயர்ந்தன. 'நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக' என்ற சரியான பதிலுக்கு ஒரு சின்னக் கோடு. 'நோயாளி தூங்கும்போது' என்ற பதிலுக்குக் கோபுரம் மாதிரி ஒன்று எழும்பித் திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. முன்வரிசையில் யாரோ துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

கீதாஞ்சலியின் பேனா நின்றது. "மேடம், இவங்க படிப்ப முடிக்கப் போறவங்கதானே? தூங்கறவங்களுக்குச் சோறு ஊட்டலாம்னு போட்டிருக்காங்க."

"அது வந்து மேடம்," என்றாள் வஜீதா, உள்ளே வந்து. "இதுங்க ராத்திரி பூரா முழிச்சிகினு இருந்ததுங்க..."

"நான் சொல்றேன்," என்றாள் எழிலரசி. கட்டில் வழக்கத்தை ஒளிக்காமல் சொன்னாள். யாருக்குத் தூக்கம் வேண்டுமோ அவர்கள்தான் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அதுவும் நாலில் கேனத்தனமான பதிலாகத் தேடிப் போட்டிருக்கிறார்கள் என்றாள். சரியானது தெரியாமல் இவ்வளவு சுத்தமாகத் தப்புச் செய்ய முடியாது.

கீதாஞ்சலி அடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "அப்ப எல்லாருக்கும் சரியான பதில் தெரியும்னு எழுதிக்கலாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வஜீதா பின்னாலிருந்து கண்ணால் அதைத்தான் கெஞ்சினாள். எழிலரசி வாயைத் திறந்தவள் திரையைப் பார்த்தாள். கோபுரத்துக்குப் பக்கத்தில், நான்காவது பதிலுக்கு, நகம் அளவு ஒரு கோடு இருந்தது. 'தலையைப் பின்னால் சாய்த்து ஊட்ட வேண்டும்.' அது கேனப் பதில் இல்லை. கட்டிலுக்கு ஆசைப்பட்டவள் அதைத் தொட மாட்டாள். சரி என்று நம்புகிறவள்தான் தொடுவாள்.

"இருங்க மேடம். ஒருத்திக்குத் தெரியல," என்று சொல்லிக் கோட்டின்மேல் அழுத்தினாள்.

கீர்த்தனா என்று பெயர் வந்தது. அடி அண்ணாமலைப் பெண். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லும்போது அவள் குரலும் சேர்ந்து வரும். ஒருநாளும் கட்டிலில் படுத்ததில்லை.

"நீயும் தூக்கத்துக்குத்தான் போட்டியா?"

"இல்ல மிஸ்." அவள் எழுந்து நின்றாள். "அதான் சரின்னு... எங்க தாத்தாவுக்கு அப்பிடித்தான் ஊட்டறேன். வாதம் வந்ததிலேந்து நான்தான் ஊட்டறேன்."

"கஞ்சி உள்ள போனா இருமுவாரா?"

"ஆமாங்க மிஸ். ஜாஸ்தியா இருமுவாரு. அது சளின்னு அம்மா சொன்னாங்க."

"ஜுரம் வந்துச்சா?"

"போன வாரம் வந்துச்சு. மாத்தரைல கம்மியாயிடுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. எழிலரசி மவுஸை விட்டு முன்னால் வந்தாள். "எல்லாரும் தலையப் பின்னால சாய்ங்க. கூரையப் பாருங்க. இப்ப எச்சில முழுங்குங்க." வகுப்பு முழுக்கத் தொண்டைகள் திணறின. கடைசி வரிசையில் கீதாஞ்சலியும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கஷ்டமா இருக்குதா? இப்ப மோவாயக் கொஞ்சம் இறக்கி முழுங்குங்க. ஆங். முன்னது மாதிரி ஊட்டினா கஞ்சி வயித்துக்குப் போவாது, நுரையீரலுக்குப் போவும். ஜுரம் அங்கேந்துதான் வருது."

கீர்த்தனா அழ ஆரம்பித்தாள். "அழுவறதுன்னா சாயந்திரம் அழுவு. இப்ப போன் போட்டு, மதியம் எப்பிடி ஊட்டணும்னு அம்மாகிட்ட சொல்லு. ஜுரம் திரும்பி வந்துச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டிடணும், மாத்தரையோட விடாத," என்றாள் எழிலரசி. கீர்த்தனா வெளியே போனதும் அடுத்த ஸ்லைடுக்குப் போனாள். கட்டில் அன்று காலியாகவே இருந்தது.

வகுப்பு முடிந்து அலுவலக அறையில் டீ குடிக்கும்போது கீதாஞ்சலி சொன்னார். "பாடத்த நீங்களே நடத்துங்க. வாராவாரம் பதில்கள பேரோட எங்களுக்கு அனுப்பிடுங்க. ஆனா கட்டிலயும் பதிலயும் சேக்காதீங்க மேடம். கணக்கே பொய்யாயிடுது."

"சரிங்க," என்றாள் எழிலரசி. நியாயமான பேச்சுக்கு என்ன மறுப்பு இருக்கிறது?

அவர் போனதும் வஜீதா டம்ளர்களை அடுக்கினாள். "ஆமான்னு சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். நான் பயந்தே போயிட்டேன்."

"நீ எப்ப பயப்படல?"

"இருபது வருஷத்து வழக்கம்டி. போச்சே."

எழிலரசி வகுப்பறைக்குப் போய்க் கட்டில் விரிப்பை உதறிப் போட்டாள். வினோதினி வாயைத் திறந்து தூங்கிய அந்த மதியம் அப்படியே கண்ணுக்கு வந்தது. ஜன்னலில் ஆடிய காலண்டர் தாள், கால் சத்தம் கேட்காமல் நடந்து பழகிய பெண்கள், ஒருத்திக்கு விக்கல் வந்து மற்றவர்கள் அவளை வெளியே தள்ளியது. அது நல்ல காலம்தான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குள், கீர்த்தனா மாதிரி, சேர்ந்து சத்தம் போட்டே தப்பித்துப்போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? உதட்டோரம் துடிப்பவளைத்தான் பார்த்திருக்கிறாள். துடிக்காதவளைப் பார்த்ததில்லை. யோசித்தும் ஒரு முகமும் கிடைக்கவில்லை. விரிப்பின் மூலையைச் செருகினாள்.

"வஜீதா, போர்டுல எழுதிப் போடு," என்று கூப்பிட்டாள். "சாப்பாட்டுக்கு அப்பறம் கட்டில்ல யார் வேணா படுக்கலாம். பதில் கிதில் எதுவும் சொல்ல வேணாம்."

"நானுமா?"

"நீ படுத்தா கட்டிலு தாங்காது."

மறுநாள் காலை, வகுப்புக்குப் போகுமுன், எழிலரசி ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனாள். மலை சுற்றும் பாதையெல்லாம், பௌர்ணமிக் கூட்டம் சாப்பிட்டுப் போட்ட பாக்குமட்டைத் தட்டுகளைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனாவின் அம்மா வாசலுக்கு வந்து, "உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சல், பொண்ணு நேத்தே போன்ல சொல்லிடுச்சு," என்றாள். எழிலரசி செருப்பைக் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பெரியவரின் மார்பில் காது வைத்துக் கேட்டாள், நெற்றியைத் தொட்டாள். சூடு இல்லை. ஆனாலும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு கீர்த்தனாவை ஒரு பக்கம் நிறுத்தினாள். இருவருமாக அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். தலையணை ஒன்றுதான் இருந்தது. ஒரு போர்வையை மடித்துச் சாக்கில் திணித்து முதுகுக்குக் கொடுத்தாள் எழிலரசி.

"மோவா இறங்கட்டும். கால் ஸ்பூனு. முழுங்கிட்டாரா பாரு, அப்பறம் அடுத்தது."

பெரியவர் முதல் வாயை விழுங்கினார். இரண்டாவது வாய்க்கு லேசாக இருமினார். கீர்த்தனாவின் கை நின்றது.

"நில்லு. தொண்ட சரியாவட்டும். இன்னும் கெட்டியா கரைச்சு எடுத்துகினு வா."

அவள் கரைத்து எடுத்து வந்தாள். அடுத்த வாய்களுக்கு இருமல் இல்லை. கிண்ணம் காலியாக வெகுநேரம் ஆயிற்று. காலியான பிறகு பெரியவர் படுக்கையைக் காட்டிக் கோணல் வாயால் ஏதோ முணுமுணுத்தார்.

"படுக்கணும்னு சொல்றாரு மிஸ்."

"இப்ப கூடாது. அரைமணி நேரம் உக்காரட்டும்," என்றாள் எழிலரசி. வகுப்பு இன்று தாமதமாகத் தொடங்கும் என்று வஜீதாவுக்குச் செய்தி போடும்படி கீர்த்தனாவிடம் சொல்லிவிட்டு, அவர் சரிந்துவிடாமல் ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மறுதோளைக் கீர்த்தனா பிடித்துக்கொண்டாள்.