வந்து போகிறவர்

செருப்பைக் கழற்றி வாசற்படிக்கு வெளியே, தெருவைப் பார்த்த மாதிரி வைக்கிறார். பிறகு ஒரு கனைப்பு. உள்ளேயிருந்து "வாங்க" என்று குரல் வந்த பிறகுதான் அபுல் ஹசனின் கால் படியேறும். பரங்கிப்பேட்டையில் அந்த வீட்டுக்கு அவர் மாப்பிள்ளையாக வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றால் யார் நம்புவார்கள்?

"பொம்பளை வூடு சார். கேட்டுட்டு உள்ள போறதுதான் மரியாதை" என்பார்.

அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். மற்ற மாப்பிள்ளைகள் வந்த வாரமே சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, குழம்பில் உப்பு குறைகிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். இவருடைய சட்டை இன்றைக்கும் பெட்டியில்தான் இருக்கிறது.

பினாங்கில் ஜவுளிக்கடை. அங்கே நெடுங்காலம் தங்கிக்கொள்ள பெர்மிட் உண்டு. வருடத்தில் இரண்டு மாதம், நோன்பையும் பெருநாளையும் ஒட்டி, இங்கே. இப்படிக் கடல் தாண்டிப் பிழைப்பவரைச் சபராளி என்கிறார்கள். பயணத்தில் இருப்பவர் என்று அர்த்தம். "அங்க நான் இந்தியாக்காரன். இங்க வந்தா பினாங்குக்காரன். நமக்கு சபராளிங்குறதுதான் சார் ஊரு பேரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் சட்டை நுனியை விரலால் தேய்த்துப் பார்ப்பார். சிதம்பரத்தில் என் ஆடிட்டர் ஆபீசுக்கு முதலில் வந்த அன்றே திரைச்சீலையைத் தொட்டுவிட்டு, "தண்ணியில போட்டா ஜாஸ்தி சுருங்கும்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. சுருங்கியது வேறு விஷயம்.

அவர் என்னிடம் வந்தது வரி நோட்டீசைத் தூக்கிக்கொண்டு. பினாங்கு பெர்மிட் எத்தனை வருடத்துக்கு இருந்தால் என்ன? இங்கே தனக்கென்று ஒரு வீடு வைத்துக்கொண்டு, வந்து தங்கி, இங்கிருந்தே கடிதம் போட்டுக் கடையையும் நடத்தினால், பினாங்கு லாபத்துக்கும் இங்கே வரி கேட்பார்கள். அந்த வரி விழுந்தால் மகள் சர்புன்னிசாவுக்காக எழும்பிக்கொண்டிருக்கும் வீடு சுவரோடு நின்றுவிடும். வீடு இல்லாமல் நிக்காஹ் இல்லை.

"உங்களுக்கு இங்கே வீடு இல்லை என்று சொல்லிவிடுங்கள். பத்திரம் உங்கள் மனைவி பேரில்தானே? பொய் ஒன்றும் இல்லையே" என்றேன்.

"பொய் இல்லதான்" என்றார். முகம் மட்டும் செத்துப்போயிற்று.

விசாரணை கடலூரில். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பதால் மனைவி அஜீசுன்னிசாவும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி தன்மையான மனிதர். "ஊருக்கு வந்தா, என் வூடுன்னு உரிமையா போய்த் தங்க உங்களுக்கு ஒரு வீடு இருக்கா?" என்று நிதானமாகத்தான் கேட்டார்.

அபுல் ஹசன் வாயைத் திறந்தார். மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடம் வாசலில் நின்று கனைத்த மனிதருக்கு, இல்லை என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதிகாரி மறுபடியும் கேட்டார்.

"வூடு என்னுது சார்." பேசியது அஜீசுன்னிசா. "எங்க வாப்பா எனக்குக் குடுத்தது. அவுங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. அவுங்க..." துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவுங்க வந்து போறவுங்க. விருந்தாளி."

அபுல் ஹசன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்க வேண்டாம். அதிகாரி எழுதிக்கொண்டார். பினாங்கு லாபத்துக்கு இங்கே வரி இல்லை என்று ஆயிற்று. மகள் வீட்டுக்குக் கூரை வந்துவிடும். நான் சொல்லிக்கொடுத்த பதில்தான் ஜெயித்தது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

பரங்கிப்பேட்டை பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பத்திரத்தைப் பத்திரமாகச் சேர்த்துவிட வேண்டுமே என்று நானும் கூடவே போனேன். அஜீசுன்னிசா முன்னால் போய்ப் பூட்டைத் திறந்து உள்ளே சென்றார்.

அபுல் ஹசன் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றினார். வழக்கமான இடத்தைவிட இன்னும் ஒரு அடி தள்ளி, தெருவைப் பார்த்து வைத்தார். கனைத்தார். உள்ளே சத்தம் இல்லை. மறுபடி கனைத்தார்.

"வாங்க" வரவில்லை. அஜீசுன்னிசாதான் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிக் குனிந்து, அந்தச் செருப்பு இரண்டையும் கையில் எடுத்தார். உள்ளே கொண்டுபோய், தன் செருப்புக்குப் பக்கத்தில், வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.