ஆடியில் வாங்கிய கார்

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் வசிக்கும் சஜிதாவுக்குக் கணவர் உமாசுதன் மேல் ஒரு சந்தேகம். வேறு பெண் விஷயம் இல்லை, பஞ்சாங்க விஷயம்.

படிப்பு விசாவில் வந்த சஜிதா, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார். நிரந்தர விசாவுக்கான இரண்டு வருடக் கணக்கு அன்றே ஓடத் தொடங்கிவிட்டது என்று நம்பியும் இருந்தார். அரசாங்கமோ விமானம் இறங்கிய நாளையும் பார்ப்பதில்லை, தாலி ஏறிய நாளையும் பார்ப்பதில்லை. துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்துதான் எண்ணுகிறது. விண்ணப்பம் நிரப்பி முடிந்து, மடிக்கணினியில் ஒரேயொரு பட்டனுக்காகக் காத்திருந்தது.

"ஆடி முடியட்டும்" என்றார் உமாசுதன். ஆடி முடிந்ததும் அட்டமி வந்தது. பிறகு மார்கழியே வந்துவிட்டது.

"இந்த ஆடியிலதானே கார் எடுத்தனீங்கள்?"

"அது செக்கண்ட் ஹேண்ட். பழசுக்கு நாள் பாக்கிறேல்ல."

"கணக்குத் தொடங்கினா நான் விட்டிட்டுப் போயிடுவன் எண்டு பயமோ?"

உமாசுதன் ஆறிப்போன தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

அடுத்த செவ்வாய் பின்னேரம், வேண்டுமென்றே ராகு காலமாகப் பார்த்து, சஜிதா குசினிக் கதிரையில் இருந்தபடியே பட்டனை அழுத்தினார். கணவர் வேலையால் வந்ததும் விஷயத்தை அவரிடம் சொன்னார்.

"உமக்கென்ன இவ்வளவு அவசரம், சஜி?" என்றார் உமாசுதன்.

சந்தேகம் அன்றோடு வீட்டுக்குள்ளேயே இடம் மாறிவிட்டது. இப்போது நாட்காட்டியில் நாட்களை எண்ணுபவர் உமாசுதன்தான். சஜிதா எண்ணுவதில்லை. அவருக்காக அரசாங்கம் எண்ணிக்கொண்டிருக்கிறது.