உட்காரக் கூடாத ஸ்டூல்

ஜவுளிக்கடையில் நிற்பதுதான் வேலை. புடவை விற்பதெல்லாம் அதற்கு நடுவில் நடக்கும். தாம்பரத்துக் கடைகளில் பகல் முழுக்க நின்று குதிகால் செத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது புரியும்.

அப்பா கொடுத்த சீர்

எனக்கு இருக்கும் வியாதி அப்பாவுக்கும் இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று இறங்கும். கை கால் ஈரத்துணி மாதிரி துவண்டுவிடும். சில மணி நேரத்தில் திரும்பி வரும். வயிறு முட்டச் சோறு, ஓடியாடிவிட்டுச் சட்டென்று ஓய்வு, இரண்டும் ஆகாது. பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று காலையில் கட்டிலைவிட்டு எழவே முடியவில்லை. திரும்ப எழுதியிருக்கலாம். எழுதவில்லை, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா வாசல் வரை வந்தார். உண்மையைச் சொன்னதால் இரண்டு வேலையை இழந்தவர் அவர். "கேட்டா லோ பிரஷர்னு சொல்லிடு, அதுக்கெல்லாம் யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க."

இவ நிக்கலையா?

உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து எங்கள் மாடியிலும் ஸ்டூல் உண்டு. கூட்டம் ஓய்ந்ததும் எல்லோரும் அதில் போய் விழுவார்கள். நான் மட்டும் புடவை மடித்தபடி மெதுவாக நடப்பேன். உடம்பை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றினால் தப்பிக்கலாம். கண் மட்டும் ஸ்டூலிலேயே இருக்கும். ஒருநாள் சூப்பர்வைசர் சார் என்னைக் காட்டி, "இவ நிக்கலையா?" என்று ஸ்டூலில் இருந்தவர்களைக் கேட்டுவிட்டார். என்னோடு பட்டு செக்‌ஷனில் இருக்கும் ரோசி அக்கா பல்லைக் கடித்தாள்: "ஏய், உக்காந்து தொலைடி, உன்னால எங்க ஸ்டூலும் போயிடப் போகுது!"

ஆடி பிரியாணி

ஆடித் தள்ளுபடி ஞாயிறுகளில் முதலாளி பிரியாணி போடுவார். நான் வீட்டுச் சுண்டலைத் தின்றுகொண்டு அடுத்தவர் பொட்டலத்தை மோப்பம் பிடிப்பேன். கடைசி ஞாயிறு ரோசி அக்கா சமாதானமாக ஒரு முழுப் பொட்டலத்தை என் முன்னால் பிரித்து வைத்தாள். ஒரு பருக்கை விடவில்லை. அப்புறம் குடோனில் ஸ்டூலைப் போட்டு, காலையும் நீட்டி உட்கார்ந்தேன். என்ன சுகம் தெரியுமா!

சாயங்காலம், கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மா மேல் தட்டுப் புடவை ஒன்றைக் கேட்டார். கை தோளுக்கு மேல் ஏறவில்லை. அடுத்தது முழங்கால். புடவைக் குவியல் மேலேயே சரிந்தேன். மூளை தெளிவாக இருந்தது, காதும்தான். அந்த அம்மா குனிந்து பார்த்தார். "பாவம் பொண்ணு... அவ தலைக்கு அடியில இருக்கே மாம்பழக் கலரு, அதைக் கொஞ்சம் உருவிக் காட்டுங்க."

பில்லிங் நாற்காலி

என் பையில் எப்போதும் இருக்கும் பொட்டாசியம் சிரப்பை, நான் சொல்லச் சொல்ல ரோசி அக்கா எடுத்துப் புகட்டினாள். கடை மூடுவதற்குள் எழுந்துவிட்டேன். மறுநாள் சூப்பர்வைசர் சார் கூப்பிட்டார். லோ பிரஷர் வாய் வரை வந்தது. வெறுத்துப்போய் உண்மையைக் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால் இரக்கப்பட்டார். இனிமேல் பில்லிங், நாள் முழுக்க நாற்காலி என்றார். ரோசி அக்கா வருஷக்கணக்காக ஏங்கும் நாற்காலி! எனக்கு அழுகை வந்துவிட்டது. "அசையாம கெடந்தா எனக்கு இன்னும் மோசம் சார், இங்கயே நிக்கிறேன்" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஊரே உக்கார எடம் கேக்குது, நீ ஒருத்திதாம்மா நிக்க எடம் கேக்குற, சரி, போய் நில்லு."

ஆக, வேலை தப்பியது. ஸ்டூலும் பிரியாணியும்தான் இன்னும் என் கைக்கு எட்டாத மேல் தட்டில் இருக்கின்றன.