மினுக்கிய ஆவுரஞ்சிக்கல்

மூன்றாவது பேற்றுக்காக மகள் கொழும்பிலிருந்து நாரந்தனைக்கு வந்திருந்த அந்த விடுமுறையில், அவளது மூத்த பிள்ளைகள் இருவரையும் பகலில் வீட்டுக்கு வெளியே வைத்திருப்பதே எனக்கு இடப்பட்ட பணி. பேர்த்திக்கு ஏழு வயது, பேரனுக்கு நான்கு. எங்கள் தீவிலும் அயல் தீவுகளிலுமுள்ள பழைய நினைவுச் சின்னங்களைக் காட்டுவதென்று தீர்மானித்தேன்.

முதலிற் காட்டியது, என் மனைவியின் நினைவாக நான் நாட்டிய ஆவுரஞ்சிக்கல். மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் உடலைத் தேய்த்துக்கொள்வதற்காகக் கேணிக்கரையில் கல் நாட்டுவது எங்கள் பக்கத்துத் தருமம். நோயிற் கிடந்தபோது அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“எனக்கெண்டு மடம் ஒண்டும் கட்ட வேண்டாம். மாடு வந்து உரஞ்ச ஒரு கல்லு நாட்டிவிடுங்கோ, அதுவே காணும்.”

அவளுக்குச் செய்வதில் குறை இருத்தலாகாது என்று, கருங்கல் எடுப்பித்து, முகம் தெரியும்வரை மினுக்கி, பெயர் பொறித்து நாட்டினேன். ஓராண்டாகியும் எந்த மாடும் அதை நெருங்கவில்லை. கேணியில் நீர் குடித்த மாடுகள், எதிரே நின்ற பூவரசில் உரஞ்சிவிட்டுப் போயின. மாலைதோறும் சென்று பார்த்துவந்தேனாயினும் இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. பேரன் அக்கல்லில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லிளித்தான்.

மறுநாள் நெடுந்தீவுக்குப் போனோம். படகில் என் சால்வையில் வாந்தியெடுத்த பேரன், வாய் கழுவிய கையோடு தின்னப் பாண் கேட்டான். கோட்டையில் நான் ஒல்லாந்தர் வரலாற்றைத் தொடங்கியபோது, அவர்கள் ஒன்றுக்கு எங்கே போனார்கள் என்று விசாரித்தான். அதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. முற்காலத்துப் பெரிய மனிதன் ஒருவனுடையதென்று ஊரார் சொல்லும், பாறையிற் பதிந்த பாதச்சுவட்டினுள் இருவரும் ஏறி நின்று அளந்தனர். மற்றப் பாதம் எங்கே என்று தேடிக் களைத்தபின், அந்தப் பெரிய மனிதன் ஒற்றைக்காலிற் கெந்திக் கெந்தியே கடலைக் கடந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, படகுத்துறைப் பாதை நெடுகத் தாங்களும் கெந்தினர்.

அப்பாதையோரத்தில், யாருடைய நினைவுக்கென்று தெரியாத ஒரு பழைய ஆவுரஞ்சிக்கல் நின்றது. பொந்தும் பொருக்குமான முருகைக்கல். ஒரு பசு கண்களைப் பாதி மூடி, அதில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. அது போகும்வரை காத்திருந்த பேர்த்தி, கல்லைத் தடவிப்பார்த்தாள். பிறகு தன் முதுகை அதில் வைத்து உரஞ்சினாள்.

“அம்மப்பா, இது நல்லாச் சொறியுது. எங்கட கல்லு வழுக்கும். மாடு பாவமெல்லே?”

படகில் ஏறுமுன் நானும் என் முதுகை அக்கல்லில் வைத்து உரஞ்சிப்பார்த்தேன். பிள்ளைகள் அதைக் குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

மறுநாட் காலையே கல்தச்சரை அழைத்து, பெயரை மட்டும் விட்டுக் கல் முழுவதையும் கொத்திக் கரடாக்குவித்தேன். பிள்ளைகள் முறைவைத்துத் தங்கள் முதுகாற் பரிசோதித்து, சொறிய இன்னும் காணாது என்று இருமுறை அவரைத் திருப்பி வேலைவாங்கினர். பிறகு மூவரும் பூவரசின் கீழ் அமர்ந்து காத்திருந்தோம்.

பொழுதுசாயும் வேளையில் அயல்வீட்டுச் சிவலைப் பசு நீர் குடிக்க வந்தது. நாங்கள் இருந்ததாற் பூவரசைத் தவிர்த்தது, கல்லை முகர்ந்தது, கழுத்தைச் சாய்த்து, பெயர் இருந்த பக்கத்தில் நிதானமாக உரஞ்சத் தொடங்கியது. அதைத் துரத்தப் பேரன் எழுந்தான்.

“அம்மம்மாவின்ர பேரிலை தேய்க்குது!”

அக்காள் அவனது காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடடா. அம்மம்மா ஒண்டும் சொல்லமாட்டா.”

பசு மறுபக்கக் கழுத்தையும் கொடுத்தது. அது போதுமென்று விலகும்வரை இருந்துவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கூட்டிப்போனேன்.